ஒரு மாத்திரையும் இரு காப்புரிமை அலுவலகங்களும்

காசநோய் இன்றும் ஏழைகளின் நோயாகவே நீடிக்கிறது. 2023-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 12.5 லட்சம் பேர் அந்நோயால் உயிரிழந்ததாக உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டுள்ளது. வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய் இன்னும் கொடியது. அதற்காகப் பல்லாண்டுகள் போடப்பட்டுவந்த ஊசி மருந்துகள் நோயைக் குணப்படுத்தும்போதே பலரின் செவித்திறனைப் பறித்துவிட்டன. அந்த ஊசிகளுக்கு விடைகொடுக்க வழிசெய்த மருந்து, 2012 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பெடாகுயிலின் என்ற மாத்திரை. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு காசநோய்க்கென வந்த முதல் புதுவகை மருந்து அது. ஊசிக்குப் பதிலாக இம்மாத்திரையையே வழங்குவது என்று 2018-இல் முதன்முதலாக முடிவெடுத்த நாடு தென்னாப்பிரிக்கா.

இம்மருந்தின் மூலக்கூறுக்கு ஜான்சன் அண்டு ஜான்சன் குழுமம் பெற்றிருந்த அடிப்படைக் காப்புரிமை 2023 ஜூலையில் காலாவதியானது. ஆனால், அதே மூலக்கூறின் உப்பு வடிவத்துக்கென அந்நிறுவனம் தனியாக இன்னொரு காப்புரிமையும் கோரியிருந்தது. அது கிடைத்தால் தனியுரிமை 2027 வரை நீளும். இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இதற்காக விண்ணப்பிக்கப்பட்டது. 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது. தென்னாப்பிரிக்காவிலோ அது ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டிருந்தது.

மருந்து ஒன்றுதான், நோயும் ஒன்றுதான். இரு நாடுகளும் உலக வர்த்தக அமைப்பின் அதே ட்ரிப்ஸ் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவை. பிறகு ஏன் முடிவுகள் வேறுபட்டன? ஆப்பிரிக்க நாடுகளின் அறிவுசார் சொத்துரிமைச் சட்டங்களைப் பற்றிய விவாதங்களில் வல்லரசுகளின் அழுத்தமும் பன்னாட்டு நிறுவனங்களின் பேராசையும்தான் பெரிதும் பேசப்படுகின்றன. அவை உண்மைதான். ஆனால், அவற்றுக்கு நிகரான முக்கியத்துவம் கொண்ட வேறொரு காரணம் கவனிக்கப்படாமல் போகிறது என்று நான் கருதுகிறேன். விண்ணப்பத்தைப் பிரித்துப் படித்து, கேள்வி கேட்டு, தேவைப்பட்டால் மறுக்கும் ஆற்றல் உள்ள ஓர் அலுவலகம் அந்நாடுகள் பலவற்றில் இல்லை என்பதே அது.

காப்புரிமை என்பது கண்டுபிடிப்பாளருக்கும் சமூகத்துக்கும் இடையிலான ஓர் உடன்பாடு. கண்டுபிடிப்பின் விவரத்தை அவர் வெளிப்படுத்த வேண்டும்; பதிலுக்கு 20 ஆண்டுகளுக்கு அவருடைய அனுமதியின்றி வேறு எவரும் அதைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. இந்த உரிமையைப் பெற மூன்று நிபந்தனைகள் உண்டு. கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும். அத்துறையில் பயிற்சி பெற்ற எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியதாக இருக்கக் கூடாது. தொழிலில் பயன்படக்கூடியதாக இருக்க வேண்டும். இவை நிறைவேறியுள்ளனவா என்று துறை அறிந்த ஒருவர் சோதித்துப் பார்த்த பிறகே உரிமை வழங்கப்படுகிறது என்று நாம் இயல்பாக நினைத்துக்கொள்கிறோம்.

தென்னாப்பிரிக்காவில் அப்படி நடப்பதில்லை. அங்கு 1978-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தின்கீழ் பின்பற்றப்பட்டுவரும் முறை, ஏறத்தாழ ஒரு பத்திரப் பதிவைப் போன்றது. படிவம் சரியாக நிரப்பப்பட்டுள்ளதா, கட்டணம் செலுத்தப்பட்டுள்ளதா என்று பார்ப்பார்கள். கண்டுபிடிப்பு உண்மையிலேயே புதியதா என்று பார்ப்பதில்லை. தவறாக வழங்கப்பட்ட காப்புரிமையை நீக்க விரும்புபவர் பெருஞ்செலவில் நீதிமன்றத்தை நாட வேண்டும். வழங்கப்படுவதற்கு முன்பே ஆட்சேபம் தெரிவிக்கவும் அங்கு வழியில்லை.

இந்தியாவில் அந்த வழி உண்டு. எந்தவொரு நபரும் காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன் ஆட்சேப மனு அளிக்கலாம். பெடாகுயிலின் உப்பு வடிவ விண்ணப்பத்துக்கு எதிராக 2019-இல் மனு அளித்தவர்களுள் இருவர் காசநோயிலிருந்து மீண்ட பெண்கள். ஒருவர் மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன். மற்றவர் கேப்டவுன் நகரின் கயேலிட்ஷாவைச் சேர்ந்த புமேஸா டிசிலே. இருவருமே பழைய ஊசி மருந்தின் பக்கவிளைவால் செவித்திறனை இழந்தவர்கள். தென்னாப்பிரிக்கப் பெண்ணொருவர் தன் நாட்டு மக்களையும் பாதிக்கும் ஒரு காப்புரிமையை எதிர்த்து இந்திய அலுவலகத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. அவருடைய நாட்டில் தட்டுவதற்கு அப்படியொரு கதவே இல்லை.

இந்த வேறுபாடு தற்செயலானதன்று. சுதந்திர இந்தியா, காலனி ஆட்சி விட்டுச்சென்ற காப்புரிமைச் சட்டம் தனக்குப் பொருந்துமா என்று நிதானமாக ஆராய்ந்தது. அன்று சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால அய்யங்கார் 1959-இல் அளித்த அறிக்கை அந்த ஆய்வின் விளைவு. இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் மிகப் பெரும்பான்மை வெளிநாட்டினர் கையில் இருப்பதை அவர் சுட்டிக்காட்டினார். அவற்றில் பலவும் இங்கு உற்பத்தி செய்வதற்காக அல்லாமல், சந்தையைப் பிறருக்கு அடைத்து வைப்பதற்காகவே பெறப்பட்டவை என்றும் விளக்கினார். அவருடைய பரிந்துரைகளின் அடிப்படையில் அமைந்த 1970-ஆம் ஆண்டின் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தர மறுத்து, தயாரிக்கும் முறைக்கு மட்டும் தந்தது. இந்திய மருந்துத் தொழில் அதன் நிழலில்தான் வளர்ந்தது. உலக வர்த்தக அமைப்பின் விதிகளுக்கேற்ப 2005-இல் மருந்துகளுக்கு மீண்டும் காப்புரிமை அளிக்க வேண்டிவந்தபோதும், அறிந்த ஒரு பொருளின் புதிய வடிவம் கூடுதல் பலன் தராவிட்டால் அது கண்டுபிடிப்பாகாது என்ற 3(டி) பிரிவை நாடாளுமன்றம் சேர்த்தது. க்ளிவெக் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்துக்கான விண்ணப்பத்தை 2006-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்ததும், 2013-இல் உச்சநீதிமன்றம் அந்த நிராகரிப்பை உறுதிசெய்ததும் இப்பிரிவைத் துணைகொண்டுதான்.

ஆப்பிரிக்காவின் பெரும்பகுதிக்கு இத்தகைய நிதானம் வாய்க்கவில்லை. பிரெஞ்சுக் காலனிகளாக இருந்தவரை, அந்நாடுகளின் காப்புரிமை அலுவலகமாக இருந்தது பாரிஸில் இருந்த பிரெஞ்சு அலுவலகமே. விடுதலைக்குப் பிறகு, 1962-இல் லிப்ரவில் நகரில் கூடிய புதிய நாடுகள் தமக்கெனப் பொதுவான அமைப்பு ஒன்றை உருவாக்கின. 1977-இல் பாங்கி நகரில் கையெழுத்தான உடன்பாட்டின் மூலம் அதுவே ஆப்பிரிக்க அறிவுசார் சொத்துரிமை அமைப்பாக, அதாவது 'ஓஏபிஐ'யாக, மாறியது. கேமரூன் தலைநகர் யாவுண்டேயில் இயங்கும் அந்த அலுவலகத்தில் ஒரு காப்புரிமை பெற்றால், அது 17 உறுப்பு நாடுகளிலும் தானாகவே செல்லும். நாட்டுக்கு நாடு தனிச் சட்டம், தனி முடிவு என்பது இல்லை. பிரிட்டிஷ் காலனிகள் பலவற்றிலோ, லண்டனில் வழங்கப்பட்ட காப்புரிமையை உள்ளூரில் மறுபதிவு செய்துகொள்வதே வழக்கமாக இருந்தது. அந்நாடுகளுக்காக 1976-இல் லுசாகா உடன்பாட்டின் வழியே பிறந்து, ஹராரேயில் இயங்கும் 'அரிப்போ' அமைப்பு சற்று வேறுபட்டது. அது விண்ணப்பத்தைத் தேர்வு செய்கிறது. தன் நாட்டில் அந்தக் காப்புரிமை செல்லாது என்று அறிவிக்க உறுப்பு நாடுகளுக்கு ஆறு மாத அவகாசமும் தருகிறது. ஆனால், ஒரு நாடு அந்த ஆறு மாதங்களில் வாய் திறக்காவிட்டால், அதன் மௌனம் சம்மதமாகிவிடும். விரல்விட்டு எண்ணத்தக்க ஊழியர்களைக் கொண்ட ஓர் அலுவலகத்துக்கு மௌனமே எளிய வழி.

செலவைக் குறைக்க அண்டை நாடுகள் ஒன்றுசேர்வது நல்ல யோசனைதான். ஆனால், அப்படிச் சேரும்போது ஒவ்வொரு நாட்டுக்கும் உரிய சலுகை கரைந்துபோகும் ஆபத்தும் உண்டு. மிகவும் பின்தங்கிய நாடுகள் மருந்துகளுக்குக் காப்புரிமை தர வேண்டியதில்லை என்று ட்ரிப்ஸ் விதிகள் விலக்கு அளித்துள்ளன. முதலில் 2016 வரை இருந்த இந்த விலக்கு இப்போது 2033 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. 'ஓஏபிஐ' உறுப்பு நாடுகளில் பெரும்பாலானவை இந்தப் பட்டியலில் இருப்பவை. நைஜர், சாட், மாலி, புர்கினா ஃபாசோ ஆகியவை உலகின் மிக ஏழ்மையான நாடுகளில் சில. ஆயினும், 2002-இல் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட பாங்கி உடன்பாடு, கேமரூனுக்கும் ஐவரி கோஸ்டுக்கும் வகுத்த அதே கடமைகளை இந்நாடுகளின் தலையிலும் ஏற்றியது. உலக வர்த்தக அமைப்பு அவற்றிடம் கேட்காத ஒன்றை, அவையே உருவாக்கிய பொது அமைப்பு கேட்டது.

சர்வதேசச் சட்டத்தில் ஆப்பிரிக்கா பெற்ற வெற்றிகள் சிறியவை அல்ல. 1997-இல் நெல்சன் மண்டேலாவின் அரசு, மலிவு விலை மருந்துகளை இறக்குமதி செய்ய வழிவகுக்கும் சட்டத்திருத்தம் ஒன்றைக் கொண்டுவந்தது. எய்ட்ஸ் நோய் அந்நாட்டைச் சூறையாடிக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த ஆண்டே மருந்து உற்பத்தியாளர் சங்கமும் ஏறத்தாழ 40 நிறுவனங்களும் அச்சட்டத்தை எதிர்த்து பிரிட்டோரியா உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. சிகிச்சை நடவடிக்கைப் பிரசாரம் என்ற மக்கள் இயக்கம் வீதிகளிலும் நீதிமன்றத்திலும் அரசுக்குத் துணைநின்றது. அக்காலத்தில் ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விலை வைக்கப்பட்டிருந்த கூட்டு மருந்துகளை 350 டாலருக்குத் தர இயலும் என்று 2001 பிப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனம் அறிவித்தது. உலகின் கண்டனத்துக்கு ஆளான நிறுவனங்கள் அவ்வாண்டு ஏப்ரலில் வழக்கைத் திரும்பப் பெற்றன. நவம்பரில் தோஹாவில் கூடிய உலக வர்த்தக அமைப்பின் மாநாடு, மக்களின் உடல்நலத்தைக் காக்க நாடுகள் எடுக்கும் நடவடிக்கைகளுக்கு ட்ரிப்ஸ் ஒப்பந்தம் தடையாகாது. தடையாகவும் கூடாது என்று பிரகடனம் செய்தது.

பிரகடனம் கிடைத்தது. அதைப் பயன்படுத்துவதில்தான் சிக்கல். நெருக்கடியில் ஓர் அரசு, காப்புரிமையாளரின் சம்மதமின்றியே மருந்தைத் தயாரிக்கப் பிறருக்குக் கட்டாய உரிமம் வழங்கலாம். ஆனால், மருந்துத் தொழிற்சாலையே இல்லாத நாடு யாருக்கு உரிமம் வழங்கும்? இக்கேள்விக்கு விடையாக, இன்னொரு நாட்டில் தயாரித்து இறக்குமதி செய்துகொள்ளும் முறை ஒன்று 2003-இல் ஏற்கப்பட்டது. 2007-இல் ருவாண்டா அதைப் பயன்படுத்த முன்வந்தது. கனடாவின் அபோடெக்ஸ் நிறுவனம் எய்ட்ஸ் கூட்டு மருந்தின் 2,60,000 பெட்டிகளை அனுப்ப ஒப்புக்கொண்டது. எந்த மருந்து, எத்தனை மாத்திரை, எந்த நாட்டுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறிவிப்பு, அனுமதி, பேச்சுவார்த்தை என நாள்கள் ஓடின. முதல் தொகுதி கிகாலியைச் சென்றடைய 2008 செப்டம்பர் ஆகிவிட்டது. அந்த ஓர் ஏற்பாட்டுடன் அந்த முறையின் பயணம் நின்றுவிட்டது. வேறெந்த நாட்டுக்கும் அதன்வழி மருந்து போய்ச் சேரவில்லை. 2017-இல் அது ட்ரிப்ஸ் ஒப்பந்தத்தின் நிரந்தரப் பிரிவாகவே சேர்க்கப்பட்டது என்பது ஒரு முரண்நகை.

இந்த அனுபவங்கள் எனக்கு உணர்த்துவது ஒன்றுதான். நெருக்கடியின் உச்சத்தில், விதிவிலக்கு கோரிப் பெறும் மருந்து தாமதமாகவே வரும். அதைவிட, தகுதியற்ற காப்புரிமை தொடக்கத்திலேயே வழங்கப்படாமல் தடுப்பது எளிது, செலவும் குறைவு. இல்லாத காப்புரிமைக்குக் கட்டாய உரிமம் தேவையில்லை, வழக்குத் தேவையில்லை, எவருடைய கோபத்துக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

பெடாகுயிலின் கதையின் பிற்பகுதி இதை மெய்ப்பிக்கிறது. இந்தியாவில் தடை நீங்கியதால் இந்திய நிறுவனங்கள் உற்பத்திக்குத் தயாராயின. பன்னாட்டுக் கொள்முதல் அமைப்பின் வழியே ஆறு மாதச் சிகிச்சைக்கான விலை 2023 ஆகஸ்டில் 130 டாலராகக் குறைந்தது. முன்பிருந்ததில் அது பாதிக்கும் கீழ். ஆனால், அந்நோயால் மிக அதிகம் பாதிக்கப்பட்ட நாடுகளுள் ஒன்றான தென்னாப்பிரிக்கா அதைவிட இருமடங்குக்கும் மேலான விலையைத் தந்துகொண்டிருந்தது. செப்டம்பரில் அந்நாட்டின் வணிகப் போட்டி ஆணையம் விசாரணையைத் தொடங்கியது. அம்மாத இறுதியில், 134 ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளில் தன் துணைக் காப்புரிமைகளை வலியுறுத்தப் போவதில்லை என்று நிறுவனம் அறிவித்தது. தென்னாப்பிரிக்காவிலும் விலை குறைக்கப்பட, விசாரணை 2024-இல் முடிவுக்கு வந்தது.

நல்ல முடிவுதான். ஆனால், அது எவ்வழியே வந்தது என்று பார்க்க வேண்டும். காப்புரிமைச் சட்டம் செய்ய வேண்டியதை வணிகப் போட்டிச் சட்டம் செய்தது. 2003-இல் எய்ட்ஸ் மருந்துகளின் விலை தொடர்பாகவும் அங்கு இதே ஆணையத்தின் வழியாகவே தீர்வு கிடைத்தது. முன்வாசல் காவலின்றித் திறந்து கிடக்க, பின்வாசலில் மட்டும் அவ்வப்போது காவல் போடும் ஏற்பாடு இது. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு விசாரணை, ஒவ்வொரு விசாரணைக்கும் பன்னாட்டுக் கண்டனம் என்பது நிலையான கொள்கையாக முடியாது.

இதற்கு எதிராக வைக்கப்படும் வாதங்களையும் புறக்கணிக்கலாகாது. புதிய மருந்தைக் கண்டறியப் பெரும் முதலீடும் பல்லாண்டு உழைப்பும் தேவை. அதற்குரிய பலன் கிடைக்காவிட்டால் ஆராய்ச்சி தளரும் என்பது நியாயமான அச்சமே. ஆனால், கறாரான தேர்வு முறை உண்மையான கண்டுபிடிப்பாளரைத் தண்டிப்பதில்லை. பெடாகுயிலின் மூலக்கூறுக்கான அடிப்படைக் காப்புரிமையை இந்தியா மதிக்கவே செய்தது. அதன் முழுக் காலமும் முடியும்வரை காத்திருந்தது. மறுக்கப்பட்டது, கூடுதலாகக் கேட்ட நான்கரை ஆண்டுகள் மட்டுமே. இன்னொரு வாதம் செலவு குறித்தது. வேதியியலும் உயிரியலும் கற்ற தேர்வாளர்களை உருவாக்கவும் அவர்கள் தனியார் நிறுவனங்களுக்குப் போய்விடாமல் தக்கவைக்கவும் பணம் வேண்டும் என்பது உண்மை. ஆனால், தகுதியற்ற ஒரேயொரு காப்புரிமைக்காக அரசு மருத்துவமனைகள் ஆண்டுதோறும் கொடுக்கும் கூடுதல் விலையும் வரிப்பணம்தான். முதற்செலவு வரவுசெலவுத் திட்டத்தில் கண்ணுக்குத் தெரிகிறது, இரண்டாவது தெரிவதில்லை.

முறையான தேர்வு மருந்துக்கு மட்டும் உரியதன்று. எத்தியோப்பியர்களின் அன்றாட உணவான இஞ்சேராவுக்கு அடிப்படை டெஃப் என்ற சிறுதானியம். அதன் மாவைப் பதப்படுத்தும் முறைக்கு நெதர்லாந்து நிறுவனம் ஒன்று ஐரோப்பாவில் காப்புரிமை பெற்றது. தலைமுறை தலைமுறையாக அத்தானியத்தை விதைத்து, அரைத்து, உண்டுவரும் மக்கள் இதைக் கண்டு கொதித்தனர். 2018-இல் ஹேக் நகர நீதிமன்றம் அந்தக் காப்புரிமையில் கண்டுபிடிப்பு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை என்று கூறி, நெதர்லாந்தில் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. செல்வம் மிக்க ஐரோப்பாவின் அலுவலகமே கண் அயரக்கூடும் என்றால், சோதிக்கும் வழக்கமே இல்லாத இடத்தின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

தென்னாப்பிரிக்கா இதை உணராமல் இல்லை. 2018-இல் அமைச்சரவை ஏற்ற அறிவுசார் சொத்துரிமைக் கொள்கை, முறையான தேர்வையும் ஆட்சேபம் தெரிவிக்கும் வாய்ப்பையும் முன்வைத்தது. தேர்வாளர்களை நியமித்துப் பயிற்றுவிக்கும் பணியும் தொடங்கியது. ஆயினும், கொள்கை சட்டமாகி முழுமையாக நடைமுறைக்கு வருவது ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது. 2023 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைவர்கள், கண்டம் தழுவிய தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின்கீழ் அறிவுசார் சொத்துரிமைக்கான நெறிமுறையை ஏற்றனர். எந்தெந்தச் சலுகைகளை நாடுகள் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதைக் கண்டம் முழுவதற்குமாக வரையறுக்க இது ஒரு வாய்ப்பு. தேர்வாளர்களின் உழைப்பைப் பகிர்ந்துகொண்டு, முடிவெடுக்கும் உரிமையை ஒவ்வொரு நாட்டிடமும் விட்டுவைக்கும் அமைப்பே அங்கு தேவை. 'ஓஏபிஐ' நாடுகளின் அனுபவத்திலிருந்து கற்க வேண்டியதும் அதுதான்.

இதில் நமக்கும் பங்குண்டு. கரோனா காலத்தில், 2020 அக்டோபர் 2 அன்று, தடுப்பூசி, மருந்து ஆகியவற்றின் மீதான உரிமைகளைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டும் என்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் இணைந்தே உலக வர்த்தக அமைப்பிடம் கோரின. இருபது மாத இழுபறிக்குப் பிறகு தடுப்பூசிகளுக்கு மட்டும், அதுவும் சுருங்கிய வடிவில், ஒரு முடிவு கிடைத்தது. நெருக்கடியில் கேட்டுப் பெறுவது எவ்வளவு கடினம் என்பதற்கு அதுவும் சான்று. ஆப்பிரிக்காவின் மருத்துவமனைகளுக்குச் செல்லும் மலிவு விலை மருந்துகளில் பெரும்பங்கு இந்தியத் தொழிற்சாலைகளிலிருந்து போகிறது. எனவே, இங்குள்ள காப்புரிமை அலுவலகங்கள் எடுக்கும் முடிவு இந்நாட்டின் எல்லையுடன் நிற்பதில்லை.

இந்நிலையில், 2024 மார்ச்சில் மத்திய அரசு காப்புரிமை விதிகளில் செய்த திருத்தங்கள் கவலை தருகின்றன. முன்ஆட்சேப மனுவுக்கு இதுவரை இல்லாத கட்டணம் விதிக்கப்பட்டுள்ளது. மனு விசாரணைக்கு ஏற்றதா என்பதைக் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் தொடக்கத்திலேயே முடிவு செய்யவும் வழி செய்யப்பட்டுள்ளது. வீண் மனுக்களால் விண்ணப்பங்கள் தேங்குகின்றன என்பது அரசுத் தரப்பின் விளக்கம். தேக்கத்தைக் குறைக்கத் தேர்வாளர்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம்; நோயாளிகளின் குரலைக் குறைக்கக் கூடாது. ஆப்பிரிக்க நாடுகள் இந்தியாவைப் போன்றதொரு முறையை அமைக்க முயன்றுகொண்டிருக்கும்போது, இந்தியா அதைத் தளர்த்துவது பொருத்தமன்று. நந்திதாவும் புமேஸாவும் மனுவுடன் நுழைந்த அந்த வாசல் அகலமாகவே இருக்கட்டும். கேப்டவுனில் அப்படியொரு வாசல் திறக்கும்வரை, அங்குள்ள நோயாளிகளுக்கும் அது தேவைப்படும்.